நெதர்லாந்து வேலைக்குப் போகிறீர்களா? 30 சதவீத வரிச் சலுகையில் தேதிகளைப் பாருங்கள்

2021 மார்ச் 1-ஆம் தேதி நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலைக்குச் சேர்ந்தேன். எம்பெடட் சாஃப்ட்வேர் வேலை. ஜூன் மாதம், 30 சதவீத வரிச் சலுகையைத் தருவதாக வரித்துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டச்சுக்காரர்கள் அதை 'பெஸ்கிக்கிங்' என்பார்கள். ஆணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பை மேலே பிடித்துக்கொண்டு படித்ததில் எனக்கு உருப்படியாகப் புரிந்தது இரண்டு தேதிகள்தான்: 1 மார்ச் 2021 முதல் 31 அக்டோபர் 2025 வரை.

சலுகை ஐந்து வருஷம் என்றுதானே சொன்னார்கள், நான்கு மாதம் எங்கே போயிற்று என்று விரல் விட்டு எண்ணினேன். அப்புறம்தான் உறைத்தது. 2014-இல் ஒரு ப்ராஜெக்டுக்காக இதே நாட்டின் உட்ரெக்ட் நகரில் நான்கு மாதம் வேலை பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் நானே எழுதிக்கொடுத்த விவரம். ஏழு வருஷம் கழித்து அதை அப்படியே கழித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இந்தச் சலுகையைப் பற்றி யார் கேட்டாலும் தேதிகளிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். எத்தனை சதவீதம், எவ்வளவு மிச்சம் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். பணம் போவது பெரும்பாலும் ஏதோ ஒரு தேதியைத் தவறவிட்டதால்தான்.

முதலில் இது என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் தவறாகப் புரிந்துகொண்டு வருகிறார்கள். சம்பளத்துக்கு மேலே 30 சதவீதம் கூடுதலாகத் தரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஆளைக் கூட்டிவந்தால் அவருக்குச் சில கூடுதல் செலவுகள் இருக்கும் என்று அரசு எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாக, பேசிய சம்பளத்தில் 30 சதவீதம் வரையிலான பகுதியை வரி பிடிக்காமல் தர முதலாளிக்கு அனுமதி. மீதி 70-க்கு மட்டும் வரி. மொத்தச் சம்பளம் அதேதான்.

கையில் எவ்வளவு நிற்கும்? 2025 விகிதங்களை வைத்து ஒரு கணக்கு. வருஷச் சம்பளம் 75,000 யூரோ. சலுகை இல்லையென்றால் வரிக் கழிவுகள் போக ஏறத்தாழ 23,800 யூரோ வரி. சலுகை இருந்தால் 52,500-க்குத்தான் வரி. அது ஏறத்தாழ 12,500-இல் நிற்கும். வித்தியாசம் வருஷத்துக்கு 11,300 யூரோ. வரி விலக்குப் பெற்ற 22,500-இல் பாதி கையில் நிற்கிறது. அந்த அடுக்கின் வரி 37.48 சதவீதம்தானே, பாதி எப்படி வரும் என்று என் கணவர் கேட்டார். நல்ல கேள்வி. நெதர்லாந்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வரிக் கழிவும், வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கழிவும் உண்டு. வருமானம் ஏற ஏற இரண்டும் தேய்ந்துகொண்டே போகும். வரி போடும் சம்பளம் குறைந்ததும் தேய்ந்த கழிவுகள் திரும்ப வளர்கின்றன. அதனால்தான் விகிதத்தைத் தாண்டி மிச்சமாகிறது.

இனி வரிசையாக.

முதல் தேதி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் தேதி. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குத்தான் சலுகை. அதாவது கையெழுத்துப் போடும்போது நீங்கள் நெதர்லாந்துக்கு வெளியே வசித்துக்கொண்டிருக்க வேண்டும். என் கணவர் என்னோடு 2021-இல் வந்தார், வந்து ஐந்து மாதம் கழித்து வேலை கிடைத்தது. படிப்பு, அனுபவம், சம்பளம் எல்லாமே என்னைவிட ஒரு படி மேல். சலுகை கிடையாது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே இங்கே வசிப்பவர். விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் அவருக்கு ஒரு நிறுவனத்தோடு இரண்டாம் சுற்றுப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. "அங்கே போய்ச் சேர்ந்துவிட்டு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்" என்று தள்ளிவைத்தது நான்தான். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அந்தப் பேச்சு எழும்.

ஆகவே தம்பதியாக வருகிறீர்கள், இருவரும் வேலை தேடுகிறீர்கள் என்றால், இரண்டாமவரின் ஒப்பந்தமும் அங்கிருந்தே கையெழுத்தாகும் வரை ஒன்றிரண்டு மாதம் காத்திருப்பது பலமுறை லாபம்தான். டெல்ஃப்ட்டிலோ வேறெங்கோ முதுகலை படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்குச் சேர்பவர்களுக்கும் இதே காரணத்தால் சலுகை கிடைக்காது. இங்கே முனைவர் பட்டம் முடித்து ஓராண்டுக்குள் வேலைக்குச் சேர்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு.

அடுத்தது 150 கிலோமீட்டர் விதி. வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களில் 16 மாதங்களுக்கு மேல், டச்சு எல்லையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்திருக்க வேண்டும். நேராக ஊரிலிருந்து வருபவர்களுக்கு இதில் சிக்கலே இல்லை. ஐரோப்பாவுக்குள் இடம் மாறுபவர்கள்தான் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பெல்ஜியம் முழுவதும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும், லக்சம்பர்க்கும் அப்படியே. ஜெர்மனியில் கொலோன், டுசெல்டார்ஃப் உள்ளே. மியூனிக், பெர்லின் வெளியே. கொலோனில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்த ஒருவர் என் குழுவில் இருக்கிறார். அவருக்குக் கிடைக்கவில்லை, பெர்லினிலிருந்து வந்தவருக்குக் கிடைத்தது.

சம்பள வரம்பு ஆண்டுதோறும் மாறும். 2025-இல் 46,660 யூரோ, 2026-இல் 48,013. முப்பது வயதுக்குக் கீழே, முதுகலைப் பட்டம் கையில் இருந்தால் 2026-க்கு 36,497. ஆராய்ச்சி நிறுவனங்களில் வேலை பார்க்கும் விஞ்ஞானிகளுக்கும் சிறப்பு மருத்துவப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்களுக்கும் வரம்பு இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த வரம்பு 30 சதவீதம் போன பிறகு மிஞ்சும், வரி போடத்தக்க சம்பளத்துக்கானது. முழு 30-ம் வேண்டுமென்றால் 2026-இல் பேசும் சம்பளம் 68,590 யூரோவாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் சலுகை மொத்தமாகப் போய்விடாது, சுருங்கும். 2025 கணக்கில் 60,000 யூரோ சம்பளம் என்றால், 46,660 போக மீதி 13,340 மட்டும்தான் வரியில்லாமல் வரும். ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்காகப் பிடிப்பதும் வரிச் சம்பளத்திலிருந்து கழிந்துவிடும் என்பதால், விளிம்பில் இருப்பவர்கள் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேலேயும் ஒரு கூரை உண்டு. 2025-இல் 246,000 யூரோ வரைதான் கணக்கு. அவ்வளவு சம்பளம் வாங்குபவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், விடுங்கள்.

இன்னொன்று, சிறப்புத் திறன் பணியாளர் விசா வேறு, இந்தச் சலுகை வேறு. விசாவுக்குத் தனிச் சம்பள வரம்பு, தனி அலுவலகம். விசா வந்துவிட்டது, சலுகையும் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சலுகைக்கு விண்ணப்பிப்பார்களா? இது முதலாளிக்குத் தரப்படும் அனுமதி. அவர் சேர்ந்து கையெழுத்துப் போடாமல் நீங்கள் தனியாக வாங்க முடியாது. இரண்டு, பேசிய சம்பளம் எதை வைத்துப் பேசியது? சிலர் "சலுகையோடு கையில் இவ்வளவு வரும்" என்று ஒரு தொகையைக் காட்டிவிட்டு, அடிப்படைச் சம்பளத்தைக் கீழே வைத்திருப்பார்கள். சலுகை முடிகிற அன்று உங்கள் கையில் இருக்கப்போவது அந்த அடிப்படைதான். மொத்தச் சம்பளத்தை மட்டும் வைத்துப் பேரம் பேசுங்கள், சலுகையைப் பேச்சில் கொண்டுவரவே வேண்டாம்.

விண்ணப்பம் பெரிய வேலையில்லை. வரித்துறையின் படிவத்தை நிறுவனமும் நீங்களும் சேர்ந்து நிரப்பி அனுப்ப வேண்டும். பல இடங்களில் வரி ஆலோசகர் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். வேலை ஒப்பந்தம், சம்பளத்தில் ஒரு பகுதி வரியில்லாத ஈட்டுத்தொகையாக மாறும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இணைப்பு ஒப்பந்தம், பாஸ்போர்ட், முன்பு வசித்த இடத்துக்கான ஆதாரம், தேவைப்பட்டால் பட்டச் சான்றிதழ். நெதர்லாந்தில் இதற்கு முன் வேலை பார்த்ததையோ தங்கியதையோ கேட்கும் இடத்தில் உண்மையைப் போடுங்கள். என் நான்கு மாதம் அங்கேதான் போயிற்று, ஆனாலும் அதை மறைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பழைய விசாவும் பழைய வரி எண்ணும் அவர்களிடமே இருக்கின்றன.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான கெடு: நான்கு மாதம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், ஆணை எப்போது வந்தாலும் சலுகை முதல் நாளிலிருந்தே கணக்காகும். பிடித்த வரி பின்னால் சம்பளத்தோடு வந்துவிடும். நான்கு மாதம் தாண்டினால், விண்ணப்பித்த மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான். நடுவில் போன மாதங்கள் போனதுதான்.

இதை நான் கற்றுக்கொண்டது இரண்டாம் வேலையில். வேலை மாறினால் சலுகை பின்னாலேயே வரும், ஆனால் தானாக வராது. பழைய வேலை முடிந்து மூன்று மாதத்துக்குள் புது வேலை ஒப்பந்தம் ஆகியிருக்க வேண்டும். புது நிறுவனத்தோடு சேர்ந்து மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் அதே நான்கு மாதம். 2023 ஜூன் 1-ஆம் தேதி புது இடத்தில் சேர்ந்தேன். முதல் வாரமே ஹெச்.ஆரிடம் எல்லாத் தாள்களையும் கொடுத்தேன். "அனுப்பிவிடுகிறோம்" என்றார்கள். ஜூலையில் கேட்டேன், "ஆலோசகரிடம் இருக்கிறது" என்றார்கள். ஆகஸ்ட்டில் அந்த ஹெச்.ஆர் அம்மா விடுமுறைக்குப் போனார். இந்த ஊரில் ஆகஸ்ட்டில் யாரையும் பிடிக்க முடியாது. செப்டம்பரில் எனக்கே வேலை நெருக்கடி, கேட்க மறந்துவிட்டேன். அக்டோபர் 10-ஆம் தேதி ஆலோசகரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: "விண்ணப்பத்தை இன்று அனுப்பிவைத்தோம்." செப்டம்பர் 30-உடன் கெடு முடிந்துவிட்டது. சலுகை நவம்பர் 1-லிருந்துதான் வந்தது. ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து மாதம், கூட்டிப் பார்த்தால் 4,000 யூரோவுக்கு மேல். கடைசித் தேதியும் தள்ளிப்போகவில்லை, அதே 31 அக்டோபர் 2025தான். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. பூங்கொத்துகூட வந்தது.

அதனால் நீங்களே செய்ய வேண்டியது: சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் முடியும் தேதியைக் காலண்டரில் போட்டு வையுங்கள். அன்றைக்கு "அனுப்பிவிட்டீர்களா" என்று கேட்காதீர்கள். அனுப்பியதற்கான அத்தாட்சியின் நகலைக் கேளுங்கள். தராவிட்டால் மறுநாளும் கேளுங்கள். இங்கே யாரும் இதைத் தொந்தரவாக நினைப்பதில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆணை கைக்கு வந்ததும் அதோடு வரும் ஒரு சின்ன வரப்பிரசாதம் ஓட்டுநர் உரிமம். ஐரோப்பாவுக்கு வெளியே எடுத்த உரிமத்தைப் பெரும்பாலும் இங்கே மாற்றித் தரமாட்டார்கள். புதிதாகப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு என்று ஆயிரக்கணக்கில் செலவாகும். இந்தச் சலுகை உள்ளவர்கள் தேர்வில்லாமலே மாற்றிக்கொள்ளலாம், ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தினரும்தான். முதலில் உடல்தகுதி அறிவிப்பு ஒன்றை முடித்துவிட்டு, ஆணையின் நகலோடு நகராட்சி கவுன்ட்டருக்குப் போனோம். வரியில் சல்லிக்காசு மிச்சமாகாத என் கணவருக்கு உரிமம் மட்டும் என் ஆணையின் பெயரால் கிடைத்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் நகலை மறுபடி பார்த்துவிட்டு "உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லுங்கள்" என்றார். ஆணை நடப்பில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

இந்தச் சலுகையின் மறுபக்கத்தை யாரும் ஆஃபர் லெட்டரில் எழுதமாட்டார்கள். வேலை போனால் வரும் உதவித்தொகை, நோயில் படுத்தால் வரும் தொகை, இரண்டுமே வரி போட்ட சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். வரியில்லாத 30 அதில் சேராது. ஓய்வூதியம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சில இடங்களில் முழுச் சம்பளத்தை வைத்துப் பிடிப்பார்கள், சில இடங்களில் வரி போட்ட 70 சதவீதத்தை மட்டும் வைத்து. ஒப்பந்தத்தோடு வரும் ஓய்வூதியத் தாளில் எந்தச் சம்பளத்தை வைத்துக் கணக்கு என்று பாருங்கள். அப்புறம் வாரத்துக்கு நான்கு நாள் வேலை. குழந்தை பிறந்ததும் இங்கே பாதிப் பேர் அதற்கு மாறுவார்கள், பார்த்தால் நமக்கும் ஆசை வரும். பகுதி நேரமென்று சம்பள வரம்பைக் குறைத்துத் தரமாட்டார்கள். ஒரு நாளைக் குறைத்ததில் வரம்புக்குக் கீழே போனால் சலுகையே போய்விடும். குறைக்கும் முன் சம்பளப் பிரிவில் ஒரு கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஊரில் வைப்புத்தொகையோ பங்குகளோ இருப்பவர்களுக்கு ஒரு தகவல். முன்பெல்லாம் இந்தச் சலுகையோடு, வெளிநாட்டுச் சேமிப்புக்கு இங்கே வரி கட்ட வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருந்தது. 2025 ஜனவரி 1-லிருந்து புதிதாக வருபவர்களுக்கு அது இல்லை. 2023 கடைசியில் சலுகையில் இருந்தவர்களுக்கு மட்டும் 2026 முடிய விட்டுவைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் உலகத்தில் எங்கே சேமிப்பு இருந்தாலும் வருமானவரிப் படிவத்தில் 'மூன்றாம் பெட்டி' என்ற சேமிப்பு, முதலீட்டுப் பகுதியில் காட்ட வேண்டும். 2025-இல் ஆளுக்கு 57,684 யூரோ வரை அதில் வரி இல்லை.

விதிகள் நிலையாக நிற்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பத்தாண்டாக இருந்த காலம் 2012-இல் எட்டாகி, 2019-இல் ஐந்தாகியது. ஏற்கெனவே ஆணை கையில் வைத்திருந்தவர்களுக்கும் பிற்பாடு குறைத்தார்கள். 2024-இல் 30, 20, 10 என்று படிப்படியாக இறக்கச் சட்டம் போட்டு, அடுத்த வருஷமே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போதைய நிலை: 2024 முதல் சலுகையைத் தொடங்கியவர்களுக்கு 2026 முடிய 30, 2027-லிருந்து 27. அவர்களுக்குச் சம்பள வரம்பும் அப்போது ஏறும். வீட்டுக்கடன் தவணையை இந்த மிச்சத்தை நம்பி முடிவு செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் தங்களுக்கு இல்லை என்று ஒதுக்க வேண்டாம். பல நாடுகளில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, கெடுதான் மாறும். ஸ்பெயினில் 600,000 யூரோ வரையிலான சம்பளத்துக்கு 24 சதவீதம் ஒரே விகிதம். 2005-இல் வந்த இதைப் பெக்காம் சட்டம் என்பார்கள், கால்பந்து வீரர் டேவிட் பெக்காமின் பெயரால். அதற்கு 149-ஆம் எண் படிவத்தை ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முந்தைய ஐந்து ஆண்டுகள் அங்கே வரி வசிப்பாளராக இருந்திருக்கக்கூடாது. இத்தாலியில் சம்பளத்தில் பாதிக்கு வரி இல்லை, ஐந்து வருஷம். ஆனால் நான்கு வருஷமாவது அங்கே இருப்பேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், நடுவில் கிளம்பினால் சலுகையைத் திருப்பிக் கேட்பார்கள். டென்மார்க்கில் ஏழு வருஷத்துக்கு மொத்தம் 32.84 சதவீதம்.

கடைசியாக, சலுகை முடியும் மாதம். 2025 நவம்பர் பேஸ்லிப்பில் எனக்கு 870 யூரோ போலக் குறைந்தது. தேதி தெரிந்திருந்தும் அந்த எண்ணைத் திரையில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைந்தது. முடிவதற்கு முந்தின ஆறு மாதமும் சலுகைத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வாழ்ந்து பழகியிருந்தோம். அதனால் வாடகைக்குத் திண்டாட்டம் வரவில்லை. குழந்தை காப்பகத்தில் இருந்தால் அடி இரண்டு பக்கமும் விழும். அரசு தரும் காப்பக உதவித்தொகை வரி போட்ட வருமானத்தை வைத்துத்தான் கணக்காகிறது. சலுகை இருக்கும்வரை நம் வருமானம் தாளில் சின்னதாகத் தெரியும், உதவி கூடுதலாக வரும். முடிந்ததும் வருமானம் ஒரே நாளில் பெரிதாகிவிடும், உதவி இறங்கும். அந்தப் புது வருமானத்தை உதவித்தொகை அலுவலகத்தின் தளத்தில் நாம்தான் போய் மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாற்றாமல் விட்டார். ஒரு வருஷம் கழித்து, கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் நவம்பர் 2-ஆம் தேதியே மாற்றிவிட்டேன். பத்து நிமிஷ வேலை.